சூரியனுக்குச் சிறகு முளைத்த கதை

அன்புள்ள ஐயா,

எகிப்தின் எட்ஃபு கோயில் வாசலுக்கு மேலே, இருபுறமும் சிறகு விரித்த சூரியனைச் செதுக்கியிருக்கிறார்கள். முழுச் சூரிய கிரகணப் படங்கள் சிலவற்றில் சூரியனைச் சுற்றி ஒளிரும் வெளிவளிமண்டலமான கரோனாவும் அச்சாக அப்படியே தெரிகிறது. கிரகணத்தைப் பார்த்துத்தான் அந்தச் சின்னம் பிறந்ததா?

ஒரு வாசகி, தேனி

அன்புள்ள வாசகிக்கு,

பிரிட்டிஷ் வானியலாளர் எட்வர்ட் வால்டர் மாண்டருக்கும் இதே எண்ணம் தோன்றியது. சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகளைப் பல்லாண்டு ஆராய்ந்தவர் அவர். புள்ளிகள் குறைந்த ஆண்டுகளில் கரோனா வட்டமாக இருக்காது. சூரியனின் நடுக்கோட்டை ஒட்டி இருபக்கமும் நீண்டிருக்கும். பார்த்தால் சிறகேதான்.

ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. காரணம், ஒரு சீப்பு. எகிப்தின் அபிடோஸில் கிடைத்தது, ஜெட் என்ற எகிப்திய மன்னரின் பெயர் பொறித்த தந்தச் சீப்பு, வயது ஏறத்தாழ 5,000 ஆண்டு. அதில் விரிந்த சிறகுகள் உண்டு, அவற்றின் மேல் ஒரு படகு, படகில் ஒரு வல்லூறு. சூரிய வட்டம் மட்டும் இல்லை! சிறகுகளுக்கு நடுவே வட்டம் வந்து சேர்ந்தது பிற்பாடுதான். கரோனாவைக் கண்டு வரைந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே அல்லவா பிறந்திருக்கும்? முழுக் கிரகணம் ஓர் ஊருக்குச் சராசரியாக 375 ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். வல்லூறோ நைல் கரையில் தினமும் பறந்தது.

கிரகணம் பதித்த தடத்தைப் பார்க்க வேண்டுமானால் நம் கோயில் நவக்கிரக மேடைக்குப் போங்கள். ரிக்வேதத்தின் ஐந்தாம் மண்டலத்தில் ஸ்வர்பானு என்ற அசுரன் சூரியனை இருளால் துளைக்கிறான். அத்ரி முனிவர் மீட்கிறார். புராணங்களில் அவனே ராகு. பிறகு ராகு தலை, கேது உடல் என்றானபோது வானக் கணக்கும் கதைக்குள் புகுந்துகொண்டது. வானில் சந்திரனின் பாதை சூரியனின் பாதையை இரண்டே இடங்களில் வெட்டும், இரண்டும் நேரெதிரில். அந்த இரண்டு புள்ளிகள்தான் ராகுவும் கேதுவும். அமாவாசை அவற்றில் ஒன்றை ஒட்டி வந்தால்தான் சூரிய கிரகணம். ஜாதகக் கட்டத்தில் கேது எப்போதும் ராகுவுக்கு ஏழாம் வீட்டில் நிற்பது இதனால்தான். அந்தப் புள்ளிகள் 18.6 ஆண்டில் வானத்தைப் பின்னோக்கிச் சுற்றிவரும். ராகுவும் கேதுவும் பின்னோக்கி நகர்வதாகப் பஞ்சாங்கம் சொல்வதும் அதையே.

வானத்தில் உடலே இல்லாத இரண்டு புள்ளிகள். அவற்றுக்குச் சிலை வடித்து, ஒன்றுக்கு உளுந்தும் மற்றதற்குக் கொள்ளும் வைக்கிறோம். அந்த மேடைமுன் நிற்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.