சிறுத்தையை விட்டால் கோயில்காடு தழைக்குமா?

கேள்வி: திருப்பத்தூருக்கும் காரைக்குடிக்கும் இடையில் எங்கள் ஊர். கோயில்காட்டில் வீரையும் உலக்கைப்பாலையும் கிழட்டு மரங்களாகவே நிற்கின்றன; ஒரு கன்றுகூட முழங்கால் உயரத்தைத் தாண்டுவதில்லை. புள்ளிமான்கள் கூட்டமாக வருகின்றன, கடலைக் கொல்லையையும் விட்டுவைப்பதில்லை. அமெரிக்காவில் ஓநாய்களை விட்டதும் காடு திரும்பிவிட்டது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். சிறுத்தை கேட்டு வனத்துறைக்கு மனு கொடுக்கலாம் என்று ஊரில் பேச்சு. கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஊர்க்கூட்டத்தில் தீர்மானம் போட்டு வாங்கிவரும் பொருளல்ல சிறுத்தை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தராது. அப்படியே வந்தாலும், கிடை ஆட்டையும் தெரு நாயையும் விட்டுவிட்டு அது மானைத் துரத்திக்கொண்டிருக்காது. அதற்கடுத்து ஊரில் என்ன நடக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி. நீங்கள் பார்த்தது யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் கதை. பரப்பில் அது சிவகங்கை மாவட்டத்தைப்போல் இரண்டு மடங்கு. அங்கே கடைசி ஓநாய்களை 1926இல் கொன்று தீர்த்தார்கள். பிறகு எல்க் எனப்படும் பெரிய மான்கள் பெருகி, வில்லோ, ஆஸ்பன் மரங்களின் இளங்குருத்தைத் தலைதூக்கவே விடவில்லை. 1995, 1996 ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். பூங்காவின் வடபகுதியில் ஏறத்தாழ 19,000 இருந்த எல்க், இருபது ஆண்டுகளுக்குள் 4,000 அளவுக்கு இறங்கியது. பல இடங்களில் ஆஸ்பன் மறுபடி உயர்ந்தது. இவ்வளவும் உண்மை.

காணொளிகள் பெரும்பாலும் இந்த இடத்தில் முடிந்துவிடும். மான் குறைந்ததில் ஓநாயோடு கரடிக்கும், பூமா என்ற பெரிய காட்டுப்பூனைக்கும், பூங்கா எல்லைக்கு வெளியே வேட்டையாடிய மனிதருக்கும், வறட்சிக்கும் பங்கு உண்டு. வில்லோவின் கதை இன்னும் சிக்கல். ஓநாய் இல்லாத காலத்தில் மான்கள் வில்லோவைத் தின்று தீர்த்ததால், அதை நம்பி ஓடைகளில் அணை கட்டிவந்த பீவர் என்ற கொறிவிலங்கு போய்விட்டது. அணை போனதும் ஓடை தன் படுகையை அரித்துக்கொண்டு கீழே இறங்கிற்று. நிலத்தடி நீரும் கூடவே இறங்கிற்று. 2001இல் தொடங்கிய ஒரு சோதனையில் சில பாத்திகளுக்கு மான் நுழையாத வேலி போட்டார்கள், சிலவற்றுக்குச் சிறு அணை, சிலவற்றுக்கு இரண்டும், சிலவற்றை அப்படியே விட்டார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டு பார்த்ததில், வேலியும் நீரும் சேர்ந்த இடத்தில்தான் வில்லோ நன்றாக ஓங்கியது. எதுவும் செய்யாத பாத்திகளில், ஓநாய் திரும்பிவந்த பிறகும் செடி குட்டையாகவே நின்றது.

இதை அப்படியே உங்கள் ஊருக்குக் கொண்டுவாருங்கள். மானைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. செட்டிநாட்டில் வெள்ளாடு நுழையாத கோயில்காடு இருந்தால் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன். சுற்றிலும் தைலமரம், ஆழ்துளைக் கிணறு, தூர்ந்த வரத்துக்கால் என்றால் மண்ணின் ஈரம் எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டும். கன்றைத் தடுப்பது பல்லா, வறட்சியா என்று தெரியாமல் மருந்து தேடுவதில் பயனில்லை.

அதைக் கண்டுபிடிக்க அதிகச் செலவில்லை. கோயில் நிர்வாகத்திடம் சொல்லிவிட்டு, புரட்டாசிக்குள் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளவில் நான்கு பாத்திகள் தேர்ந்தெடுங்கள். முதலாவதைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் வேலி; இரண்டாவதில் மழைநீர் தேங்கப் பிறைவடிவ வரப்பு; மூன்றாவதில் இரண்டும்; நான்காவதைத் தொடாதீர்கள். இப்படி இரண்டு மூன்று இடங்களில் செய்வது நல்லது, ஓரிடத்து மண்ணை நம்ப முடியாது. வேலி மட்டும் உள்ள பாத்தியில் கன்று எழுந்தால் குற்றவாளி மேய்ச்சல். மூன்றாவதில் மட்டும் எழுந்தால் இரண்டும் சேர்ந்த நோய். எதிலுமே எழாவிட்டால் விதை விழுகிறதா, முளைக்கிறதா என்று பாருங்கள். தொடாத பாத்தியின் ஓரத்து மண்ணைக் கூட்டிவிட்டு மாலையிலும் விடியலிலும் குளம்புத் தடம் பாருங்கள். ஆடு பகலில் வரும், கொல்லைக்கு வந்து பழகிய மான் பெரும்பாலும் இருட்டிய பிறகு. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பார்த்த பிறகே முடிவு சொல்லுங்கள்.

இரைகொல்லி விலங்கு இரையின் எண்ணிக்கையை மட்டும் குறைப்பதில்லை, இரை மேயும் இடத்தையும் மாற்றுகிறது. ஆப்பிரிக்காவில், மொசாம்பிக்கின் கொரொங்கோசா தேசியப் பூங்காவில் உள்நாட்டுப் போரில் சிறுத்தைகள் அழிந்தபின், புதரில் ஒளிந்து வாழும் ஒருவகை மான் வெட்டவெளிக்கு வந்து மேயத் துணிந்தது. ஆய்வாளர்கள் சிறுத்தையின் குரலையும் வாடையையும் வைத்துப் பார்த்தபோது மறுபடி புதருக்குள் போனது. உடனே ஒலிபெருக்கியில் உறுமல் போட நினைக்காதீர்கள். கடிக்காத புலியை மான் சீக்கிரம் கண்டுகொள்ளும்.

நாய் துரத்துகிறதே, அது போதாதா என்று சிலர் கேட்பார்கள். போதாது, கெடுதலும்கூட. இரை குறைந்தால் காட்டு வேட்டையாடியும் குறையும். நம் எச்சில் சோற்றில் வளரும் நாய் குறையாது. வெறிநோயையும், டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோயையும் நரிக்கும் தந்துவிடும். உங்கள் பக்கத்தில் தானாகவே திரும்பக்கூடிய இரைகொல்லி நரிதான். எலியைத் தின்னும், மான் குட்டியையும் எடுக்கும். கடலையையும் தோண்டித் தின்னும், அதை மறைக்கமாட்டேன். கண்மாய்க்கரைப் புதரை முழுக்க வழிக்காமல் விட்டாலே அதற்கு இடம் கிடைக்கும். ஆனால் மான் கூட்டத்தை அது அடக்கிவிடும் என்று எண்ண வேண்டாம்.

கடலைக் கொல்லைக்கு வழி வேலிதான். சூரிய மின்வேலிக்கு மானியம் பற்றி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள்; பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் இழப்பீடு கேட்டு எழுதுங்கள். வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் நேரடியாகக் கொடுக்கும் வேலையை மட்டும் யாரும் செய்யக்கூடாது. அது குற்றம், மானுக்கு வைத்த கம்பியில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர்களும் செத்திருக்கிறார்கள்.