வீட்டில் செய்த டேபிள் சாவுக்கு ஃபென்ஸ் எதில் செய்வது: மரமா, அலுமினியமா, இரும்பா? (கன்னியாகுமரி மாவட்டத்தின் ஈரக்காற்றுக்கு எது தாங்கும்?)

டேபிள் சா என்பது வாள் மேலே நீட்டி நிற்கும் அறுப்பு மேசை. பலகை ஒரே அளவில் அறுபட, அதை ஒட்டித் தள்ளும் நேர்க்கட்டைதான் ஃபென்ஸ். இரும்புக் குழாயில் உடம்பு, பலகை உரசும் முகம் பிளைவுட்டில். என் பதில் இதுதான். இந்த முடிவுக்கு வருவதற்குள் இரண்டு ஃபென்ஸ்களைக் கழற்றிப் போட்டிருக்கிறேன். அந்தக் கதையைச் சொன்னால்தான் காரணம் புரியும்.

நான் இருப்பது கருங்கல் பக்கம். தேனீப் பெட்டி செய்கிறேன். மார்த்தாண்டம் வட்டாரத்தில் தேன் எடுப்பவர்கள் ஏராளம் என்பதால் பெட்டிக்குக் கேள்வி உண்டு. பெட்டியில் சட்டங்களுக்கு நடுவே விடும் சந்து தேனீ நடமாடும் அளவுக்குத்தான் இருக்க வேண்டும். கொஞ்சம் கூடிப்போனால் அங்கேயும் அடை கட்டிவிடும், அப்புறம் சட்டத்தைத் தூக்கவே முடியாது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விளையாட்டுக்கும் இடமில்லாத வேலை. என் டேபிள் சா, கையில் பிடிக்கும் சர்க்குலர் சாவைப் பிளைவுட் மேசைக்கு அடியில் தலைகீழாக மாட்டியதுதான். அளவெல்லாம் ஃபென்ஸை நம்பித்தான். எங்கள் ஊர் ஆசாரிமார் அதைக் கைடு என்பார்கள்.

முதல் கைடு அயனி மரம். வீடு பிரித்த இடத்தில் கிடைத்த பழைய உத்தரம், நன்றாகக் காய்ந்தது, இழைத்தபோது கண்ணாடி மாதிரி வந்தது. பங்குனியில் செய்தேன். ஆனியில் மழை பிடித்து ஒரு மாதம் ஆனதும் நூல் பிடித்துப் பார்த்தால் பின்முனை வாளை நோக்கி அரை நூல் அளவு (ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர்) வளைந்திருந்தது. மரம் நீளவாக்கில் அவ்வளவாகக் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஆனால் ஒரு பக்கம் ஈரத்தை அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் வாங்கினால் வில்லாக வளைந்துவிடும். என் கைடின் ஒரு பக்கத்துக்கு மட்டும் நான் வார்னிஷ் அடித்திருந்தேன். அந்த முட்டாள்தனம் முழுக்க என்னுடையது.

அந்த அரை நூல்தான் வினையானது. வாளின் பின்பக்கப் பற்கள் மேசைக்குள்ளிருந்து மேலே ஏறி வருபவை. அங்கே மரத்துண்டு கைடுக்கும் வாளுக்கும் நடுவே நெருங்கினால் பற்கள் அதைத் தூக்கி நம் பக்கமே எறியும். ஒரு ரீப்பர் துண்டு என் வயிற்றில் வந்து விழுந்தது. சட்டைக்கு மேலேயே பதிந்த அடி, நாலு நாள் நீலமாக இருந்தது. பக்கத்து வீட்டு ஆசாரி அண்ணன் வந்து பார்த்துவிட்டு, “வாளப் போடதுக்கு முன்னால கைடு நேரா இருக்கான்னு பாத்தியாடே?” என்று மட்டும் கேட்டார்.

இரண்டாவது, ஜன்னல் வேலை செய்யும் கடையில் மிச்சமாகக் கிடந்த அலுமினியச் சட்டம். நேராக இருந்தது, ஈரம் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் தகடு மெலிசு. பலகையை அழுத்தித் தள்ளினால் நடுவில் வளைந்து கொடுத்தது. ஒரே அளவும் ஒரே தகட்டுத் தடிமனும் இருந்தால், அலுமினியம் இரும்பைப் போல மூன்று மடங்கு வளையும். அதோடு கடல் காற்றில் இரும்பு ஸ்க்ரூ போட்ட இடமெல்லாம் வெள்ளைப் பொடி பூத்தது. தடிமனான, அகலமான அலுமினியக் குழாய் கிடைத்தால் தாராளமாகப் போடலாம். இந்தப் பக்கத்தில் சின்ன அளவில் வெட்டித் தரும் கடை எனக்கு அமையவில்லை.

இப்போது இருப்பது 75க்கு 50 மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டர் தகட்டில் இரும்புக் குழாய். 80 சென்டிமீட்டர் துண்டு, ஏறக்குறைய மூன்று கிலோ வரும். கடையில் வாங்கும்போது அவசரப்படாதீர்கள். குழாய் எல்லாமே நேராக இருக்கும் என்பது நம் நினைப்பு. நான் நாகர்கோவிலில் ஒரு இரும்புக் கடையில் வெட்டுத்துண்டுகளைக் கிளறி, இரண்டை முகத்தோடு முகம் சேர்த்து வைத்து, நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தேன். அப்புறம் ஒன்றை மட்டும் உருட்டி, அதன் எதிர்ப்பக்கத்தைச் சேர்த்து வைத்துப் பார்த்தேன். ஒன்றின் குழி மற்றொன்றின் மேட்டில் பொருந்திக் கோணல் ஒளிந்திருந்தால் இப்போது வெளிப்பட்டுவிடும். ஆறு துண்டில் இரண்டுதான் தேறியது. கடைப் பையன் சிரித்தான், சிரிக்கட்டும். குழாயில் உள்ளே ஒரு வெல்டிங் தழும்பு ஓடும். அந்தப் பக்கத்தை முகமாக வைக்காதீர்கள்.

குழாயை மேசையின் முன்விளிம்பில் ஓடும் ஆங்கிளோடு (எல் வடிவ இரும்பு) சேர்க்க வெல்டிங் வேண்டாம். வெல்டிங் ஆறும்போது இழுக்கும், மூலைமட்டம் போய்விடும். 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டு போதும், ஒரு துளையை மட்டும் நீளமாக ராவி விட்டால் பிறகு திருத்திக்கொள்ளலாம். அமெரிக்காவில் பீஸ்மேயர் என்று பெயர் பெற்ற டி வடிவ ஃபென்ஸும் இதே யோசனைதான்: முன்பக்கம் மட்டும் இறுக்கினால் பின்முனை தானாக நேரே நிற்க வேண்டும். ரெட் ஆக்சைடு ஒரு கோட்டுக்கு இரண்டாக அடியுங்கள். குழாயின் வாயையும் அடைத்துவிடுங்கள், குளவி கூடு கட்டும்.

முகத்துக்கு 18 மில்லிமீட்டர் மரைன் பிளை, அதாவது ஈரம் தாங்கும் பிளைவுட். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், 303 போட்டது சாதாரண பிளை. சன்மைக்கா இரு பக்கமும் ஒட்ட வேண்டும், ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் என் அயனிக் கதைதான். மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை இங்கே ஐப்பசி மழைக்குள் ஓரம் ஊதிவிடும். ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். மருந்து ஏற்றாததில் பூச்சி விழும். கிரானைட் துண்டு போடலாமே என்றும் ஒருவர் கேட்டார். தட்டையாகத்தான் இருக்கும், ஆனால் போல்ட் துளை போடும்போது உடைந்தால் தலையில் கை வைக்க வேண்டியதுதான்.

கைடைச் சரிபார்க்க, நுண்ணிய அளவு காட்டும் டயல் கேஜ் எல்லாம் என்னிடம் இல்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு, வாளில் ஒரு பல்லுக்கு மார்க்கர் வைக்கிறேன். அதே பல்லை முன்னால் கொண்டுவந்து அதற்கும் கைடுக்கும் நடுவே சரியாகப் பிடிக்கும்படி ஒரு மரக்குச்சியை வெட்டி வைப்பேன். பல்லைப் பின்னால் சுற்றிவிட்டு அதே குச்சியைச் செருகினால், கூடவே ஒரு ஜெராக்ஸ் தாளும் நுழைய வேண்டும். ஒரு தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். குச்சியே இறுகி நுழைய மறுத்தால் அன்றைக்கு மேசையில் எதையும் அறுப்பதில்லை, முதலில் போல்ட்டைத் தளர்த்துகிறேன்.