அந்த ஆள்கிட்ட யாரும் பேச வேணாம்

கடிதம்:

வணக்கம். பேர் போட வேணாம், அடையாறுல இருக்கேன். எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற அக்கா முன்னாடி கூவம் ஓரத்துல இருந்தாங்க, இப்ப பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டு. மூணு மாசமா வெள்ளை படுது, அடிவயிறு வலி. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டா நாலு நாள் நல்லாருக்கு, திரும்ப வருதாம். போன வாரம் அழுதுட்டே சொன்னாங்க, புருஷன் குடிச்சிட்டு வந்து, வேணாம்னாலும் விடமாட்டேங்குறான், அடிக்கிறான், வெளில வேற பழக்கம் இருக்குன்னு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகவா? காண்டம் போடச் சொல்லி எங்க வீட்டுக்காரர விட்டு அந்த ஆள்கிட்ட பேசச் சொல்லவா?

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

முதல்ல ரெண்டாவது கேள்விக்கு. பேச வேணாம். தயவுசெஞ்சு வேணாம். உங்க வீட்டுக்காரர் நல்ல எண்ணத்துலதான் பேசுவாரு, ஆனா அந்த ஆள் காதுல விழுறது "வீட்டு விஷயத்த வெளில சொல்லிட்டா"ங்கறது மட்டும்தான், அன்னைக்கு ராத்திரி அடி அவங்களுக்குத்தான். கூவம் ஓரத்துல இருந்தப்பவாச்சும் அம்மா வீடு, அக்கா வீடுன்னு ரெண்டு சந்து தள்ளி ஓடிப்போக ஒரு இடம் இருந்திருக்கும், இப்ப எட்டு மாடி பிளாக்ல பக்கத்து கதவு யாருதுன்னே தெரியாம இருக்குறவங்க ராத்திரி பதினோரு மணிக்கு எங்க ஓடுவாங்க?

காண்டம் போடச் சொல்றதும் அப்படித்தான். வேணாம்னு சொன்னாலே அடி வாங்குறவங்க அத எப்படி கேப்பாங்க? "என்மேல சந்தேகமா, இல்ல நீ எங்கயாவது போயிட்டு வந்தியா"ன்னு திருப்பிக் கேப்பான்.

டாக்டர்கிட்ட கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க, தள்ளிப்போடாதீங்க. மெடிக்கல்ல குடுக்குற ஒத்த மாத்திரை பெரும்பாலும் பூஞ்சைக்குத்தான், கிளமிடியா, கொனோரியா மாதிரி உடலுறவால தொத்துற கிருமிய அது தொடாது. கிளமிடியா நிறைய பொம்பளைங்களுக்கு எந்த அறிகுறியும் காட்டாம உள்ளயே இருக்கும், சிபிலிஸ்னு இன்னொரு பாலியல் நோய், அதோட புண்ணு வலிக்காது, தானா ஆறிடும், நோய் ஆறாது. கட்டாயப்படுத்துறப்ப உள்ள காயமாகுறதால கிருமி ஏறுறதும் சுலபம். அடிவயித்து வலின்னா கிருமி மேல கர்ப்பப்பை, குழாய் வரைக்கும் போயிருக்கலாம், விட்டா குழாய் அடைச்சுக்கும், குழந்தை பொறக்காமலே போகலாம். நம்ம ஊர்ல எத்தனை பேர இப்படி மலடின்னு திட்டியிருப்பாங்க, புருஷன் கொண்டுவந்த நோய்க்கு.

அரசு ஆஸ்பத்திரிகள்ல சுகவாழ்வு மையம்னு இருக்கும், இந்த நோய்க்குன்னே, மாத்திரை இலவசம். ஹெச்ஐவி டெஸ்டுக்கு நம்பிக்கை மையம். பேரெல்லாம் நல்ல பேருதான், ஆனா அந்த வாசல்ல நிக்கவே பயப்படுவாங்க, தப்பான பொம்பளன்னு நெனச்சுடுவாங்கன்னு. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கு. 1986ல இந்தியாவுலயே முதல் தடவையா ஹெச்ஐவி நம்ம சென்னைலதான் கண்டுபிடிச்சாங்க, டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி நிர்மலாவும், பாலியல் தொழில் செஞ்ச பொண்ணுங்க ரத்தத்துல. அதுக்கப்புறம் ஊரே அந்தப் பொண்ணுங்களத்தான் நோயோட ஊத்துன்னு பாத்துச்சு, அவங்களுக்கு யார்கிட்டருந்து வந்துச்சுன்னு யாரும் கேக்கல. கிட்டத்தட்ட நாப்பது வருஷம் ஆச்சு, இன்னும் கேக்கல.

பல வருஷம் முன்னாடி தெரிஞ்ச ஒருத்தங்க கூட நானும் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவ்ளோ பெரிய க்யூல எல்லார் முன்னாடியும் "என்ன, வெள்ளைப்படுதலா, புருஷன் எங்க, கூட்டிட்டு வா"ன்னு சத்தமா கேட்டாங்க. அவங்க சீட்ட மடிச்சு ஜாக்கெட்ல வெச்சுட்டு அப்படியே திரும்பிட்டாங்க. நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், கேக்கல. இன்னும் உறுத்துது.

"புருஷனையும் கூட்டிட்டு வா"ங்கறது மருத்துவமா சரிதான், ரெண்டு பேரும் சேந்து மருந்து எடுக்கலன்னா திரும்பத் திரும்ப வரும். ஆனா அடிக்கிறவன்கிட்ட போய் "உன்னாலதான் எனக்கு நோய்"னு எப்படி சொல்றது? அதனால தனியா டாக்டர்கிட்டயோ கவுன்சிலர்கிட்டயோ "வீட்ல அடி இருக்கு, கட்டாயப்படுத்துறாரு"ன்னு அவங்களே சொல்லணும், அவங்களால முடியலன்னா, அவங்க சம்மதிச்சா, நீங்க சொல்லுங்க. அத மறைச்சா எந்த மருந்துச் சீட்டும் பாதிதான்.

சட்டம் இங்க ஒரு பெரிய ஓட்டைய வெச்சிருக்கு, 18 வயசு தாண்டுன பொண்டாட்டிய புருஷன் கட்டாயப்படுத்துனா அது பலாத்காரம்னு இன்னும் ஒத்துக்கல. எனக்கு இது தாங்கவே முடியாத விஷயம். ஆனா 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல பாலியல் கொடுமையும் வருது, பெண்கள் உதவி எண் 181க்கு கூப்பிடலாம். எப்போ கூப்பிடணும்ங்கறத அவங்கதான் முடிவு பண்ணணும்.

இன்னொன்னு, அவங்க பிளாக்ல மத்த பொண்ணுங்களுக்கும் போய்ச் சேரட்டும். யாராவது பலாத்காரம் பண்ணிட்டா 72 மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரி போகணும், எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது. ஹெச்ஐவி தொத்தாம இருக்க 28 நாள் மாத்திரை, கர்ப்பம் தரிக்காம இருக்க மாத்திரை ரெண்டும் உண்டு. தனியார் ஆஸ்பத்திரியா இருந்தாலும் இலவசமா சிகிச்சை குடுத்தே ஆகணும், எஃப்ஐஆர் எங்கன்னு கேட்டு திருப்பி அனுப்ப முடியாது.

அரசு ஆஸ்பத்திரில ஓபி (வெளிநோயாளிகளப் பாக்குறது) காலைலதான், அன்னைக்கு அவங்க போற நாலு வீட்டு வேலையும் போயிடும். உங்க வீட்டு சம்பளத்த புடிக்காதீங்க, முடிஞ்சா மத்த வீடுகள்லயும் பேசுங்க, காரணம் சொல்லாம. மாத்திரையும் ரிப்போர்ட்டும் உங்க வீட்லயே இருக்கட்டும், வேலைக்கு வர்றப்ப சாப்பிட்டுக்கட்டும், பெரும்பாக்கத்துக்கு எடுத்துட்டுப் போக வேணாம்.