காற்று எந்தப் பக்கம்? ஏரியில் துடுப்பு பற்றி வாசகர் கேள்விகள்

துடுப்பு வலித்துப் போகும் சிறு படகுகளான கயாக், கனூ, நின்றபடி துடுப்பு வலிக்கும் பலகையான பேடில் போர்டு பற்றி வந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. அவற்றைச் சேர்த்து ஆறு கேள்விகளாக ஆக்கியிருக்கிறேன்.

கேள்வி: நீச்சல் சுமாராகத்தான் தெரியும். இந்த மூன்றில் முதலில் எதில் ஏறலாம்?

பதில்: கயாக். அதிலும் காலை உள்ளே நுழைத்து உட்காரும் வகை இப்போதைக்கு வேண்டாம், மேலே உட்காரும் திறந்த வகையாகப் பாருங்கள். இடுப்பு கிட்டத்தட்ட தண்ணீர் மட்டத்திலேயே இருப்பதால் லேசில் கவிழாது, கவிழ்ந்தாலும் நீங்கள் வெளியே விழுவீர்களே தவிர உள்ளே மாட்டிக்கொள்ள வழியில்லை. மேலே ஏறும் தண்ணீர் அடிவரை போகும் துளைகள் வழியே வடிந்துவிடும் (அந்தத் துளைகளைப் பார்த்து, படகு ஓட்டை என்று பதறுபவர்கள் உண்டு, பதற வேண்டாம்). ஆர்க்டிக் பகுதியின் இனூயிட் மக்கள் சீல் (கடல்நாய்) தோலை இழுத்துக் கட்டிச் செய்த கயாக், ஒற்றை ஆள் சத்தமில்லாமல் வேட்டைக்கு நெருங்குவதற்கானது. வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் மரப்பட்டைக் கனூ ஆளையும் சுமையையும் ஏற்றிக்கொண்டு தூரம் போவதற்கானது. இன்றைக்கு பிளாஸ்டிக்கில் வார்த்தாலும் இரண்டுக்கும் அந்தப் பழைய குணம் போகவில்லை. தனியாகப் போக கயாக், மூட்டை முடிச்சு பிள்ளைகளோடு போக கனூ. பேடில் போர்டு, நாலு முறை விழுந்தாலும் சிரித்துக்கொண்டே ஏறுபவர்களுக்கு.

எதை எடுத்தாலும் சரி, முதல் நாள் கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் வேண்டுமென்றே விழுந்து திரும்ப ஏறிப் பழகுங்கள். கயாக்கானால் முதலில் வயிற்றைப் போட்டு ஏறி, அப்புறம் புரண்டு உட்கார்ந்து, கடைசியில் காலை எடுத்து வைக்க வேண்டும். கரையோரமே ஏற வராதவருக்கு நடு ஏரியில் வராது.

கேள்வி: போகும்போது ஏரி கண்ணாடி மாதிரி இருந்தது, எதிர்க்கரைக்கு இருபது நிமிடத்தில் போய்விட்டேன். திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகி, கை இரண்டும் கழன்றுவிட்டது. என்ன தப்பு செய்தேன்?

பதில்: காற்று உங்களை முதுகில் தள்ளிக்கொண்டு போயிருக்கிறது, அதை நீங்கள் உங்கள் சாமர்த்தியம் என்று நினைத்துவிட்டீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், எல்லோரும் ஒரு தடவை இதில் ஏமாந்தவர்கள்தான், நானும்தான். காற்று போகும் பக்கமே நாமும் போகும்போது முகத்தில் எதுவும் படாது, காற்றே இல்லாத மாதிரி இருக்கும். போதாததற்கு காற்று வரும் பக்கத்துக் கரையில் மரமோ மேடோ இருந்தால் அது காற்றை மறைத்து அந்த ஓரத்துத் தண்ணீரை மட்டும் அசையாமல் வைத்திருக்கும். அலை என்பது காற்று தண்ணீர் மேல் எவ்வளவு தூரம் ஓடி வருகிறதோ அவ்வளவு பெரிதாகும், அதனால் நாம் கிளம்பும் ஓரம் கண்ணாடியாகவும் போய்ச் சேரும் ஓரம் சலசலப்பாகவும் இருக்கும். அங்கே போய்த் திரும்பினால்தான் அது முகத்தில் அறையும்.

ஆகவே ஏறுவதற்கு முன் தண்ணீரைப் பார்த்தது போதும், தூரத்தில் இலை எந்தப் பக்கம் ஆடுகிறது, நடு ஏரியில் கருமையான சுருக்கங்கள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். பார்த்துவிட்டு, முதல் பாதியைக் காற்றுக்கு எதிராகப் போங்கள். தெம்பு இருக்கும்போதே கஷ்டம் முடிந்துவிடும், களைத்துத் திரும்பும்போது காற்றே கொண்டுவந்து விடும். வெயில் ஏற ஏறக் காற்றும் எழும்புவது பெரும்பாலும் வழக்கம் என்பதால் விடியற்காலைதான் நல்ல நேரம். அப்படியும் நடுவில் மாட்டிக்கொண்டால் நேர்க்கோட்டில் வந்தே தீருவேன் என்று மல்லுக்கட்டாமல் மறைவான கரையை ஒட்டிச் சுற்றி வாருங்கள். பேடில் போர்டில் நிற்பவர் பாய்மரம் மாதிரிக் காற்றை வாங்குவார், முட்டி போட்டாலே பாதி பாரம் குறையும், முடியவில்லை என்றால் குப்புறப் படுத்துக் கையாலேயே வலிக்கலாம். பார்க்க நன்றாக இருக்காது, கரை சேரலாம்.

கேள்வி: கயாக் நேராகவே போகமாட்டேன் என்கிறது. பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகிறது.

பதில்: குட்டைக் கயாக்குகள் சட்டென்று திரும்புவதற்காகவே செய்யப்பட்டவை, அதனால் பழி முழுக்க உங்களுடையது இல்லை. துடுப்பைப் படகுக்கு ஒட்டினாற்போல், கால் பக்கத்தில் இறக்கி, இடுப்பு வந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள். இடுப்பைத் தாண்டி இழுத்தால் படகின் மூக்கைத் திருப்புவதற்குத்தான் அது உதவும். பார்வை படகின் மூக்கில் வேண்டாம், எதிரே தூரத்தில் ஒரு மரத்தின் மேல் இருக்கட்டும். மூக்கு இடது பக்கம் போகத் தொடங்கினால் இடது பக்கமே துடுப்பால் ஒரு அகலமான அரைவட்டம் போடுங்கள், வலப்பக்கம் திரும்பும். தோளைத் திருப்பி வலியுங்கள், வெறும் கையால் இழுத்தால் அரை மணியில் களைத்துவிடுவீர்கள். இன்னொன்று, பக்கவாட்டில் காற்று அடித்தால் பெரும்பாலான கயாக்குகள் காற்றைப் பார்த்துத்தான் திரும்பும், அதற்கு நீங்கள் பொறுப்பில்லை.

கேள்வி: பேடில் போர்டில் எழுந்து நின்றதும் தொடை நடுங்குகிறது. வயதாகிவிட்டதோ?

பதில்: வயது இல்லை, பயம். எல்லோருக்கும் நடுங்கும். போர்டின் நடுவில் தூக்குவதற்கு ஒரு கைப்பிடி இருக்கும், அதற்கு இரண்டு பக்கமும் தோள் அகலத்துக்குக் காலை வைத்து, முட்டியை லேசாக மடக்கி, தூரத்துக் கரையைப் பாருங்கள், காலைப் பார்த்தால் விழுவீர்கள். நின்றதும் உடனே துடுப்பு வலியுங்கள். மெதுவாகப் போகும் சைக்கிள் ஆடுவது மாதிரிதான், நகர ஆரம்பித்தால் ஆட்டம் குறையும். துடுப்பு உங்கள் உயரத்தைவிட 15 முதல் 25 செ.மீ. வரை நீளமாக இருக்கட்டும், அதன் தட்டையான முனை முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். புதியவர்களில் நிறையப் பேர் கரண்டி மாதிரிப் பின்பக்கம் சாய்த்துப் பிடிப்பார்கள், பார்த்தாலே தெரிந்துவிடும்.

கேள்வி: நானும் என் கணவரும் கனூவில் ஏறினால் சண்டைதான். அவர் முன்னால் உட்கார்ந்துகொண்டு எனக்கு உத்தரவு போடுகிறார்.

பதில்: இடத்தை மாற்றுங்கள். கனூவில் திசை பின்னால் இருப்பவர் கையில், முன்னால் இருப்பவர் வேகமும் தாளமும் கொடுப்பவர், அவருக்குப் பின்னால் நடப்பது தெரியவும் தெரியாது. உத்தரவு போட ஆசைப்படுபவர் பின்னால் போய் உழைக்கட்டும். இருவரும் எதிரெதிர்ப் பக்கம் வலியுங்கள், பக்கம் மாற்றுவதானால் வாயால் சொல்லிவிட்டு மாற்றுங்கள், ஒரே பக்கம் இரண்டு பேரும் சாய்ந்தால் சண்டை தண்ணீருக்குள் தொடரும்.

கேள்வி: அமைதியான ஏரிதானே, லைஃப் ஜாக்கெட் கட்டாயமா? புழுக்கமாக இருக்கிறது.

பதில்: கட்டாயம். படகில் கட்டி வைத்த ஜாக்கெட் யாரையும் மிதக்க வைத்ததில்லை. தண்ணீர் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால், நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் விழுந்த முதல் நிமிடத்தில் தன்னிச்சையாக மூச்சு வாங்கும், அந்த நேரம் வாய் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. வெளியே வெயில் கொளுத்துவதை வைத்துத் தண்ணீரை எடைபோடாதீர்கள். போர்டோடு காலைப் பிணைக்கும் கயிறும் அப்படித்தான், நீங்கள் விழுந்த அடுத்த நொடியே காற்று போர்டைத் தள்ளிக்கொண்டு போய்விடும், அதை நீந்திப் பிடிப்பது கஷ்டம். ஓடும் ஆற்றில் அதே கயிறு எதிலாவது சிக்கிக்கொள்ளும், அங்கே கணுக்காலில் கட்டாமல் இடுப்பில், ஒரே இழுப்பில் கழலும் வகையைக் கட்ட வேண்டும்.