அலுமாரியில் கிடக்கும் டிஜிட்டல் போட்டோ பிரேமை மீண்டும் ஓட வைக்கலாமா?

கேள்வி: 2009இல் அண்ணா டொரொண்டோவிலிருந்து கொண்டுவந்த ஏழு அங்குல டிஜிட்டல் போட்டோ பிரேம் ஒன்று அலுமாரியில் கிடந்தது. அம்மாவுக்குப் பேரப்பிள்ளைகளின் படங்களைக் காட்டலாம் என்று எடுத்தேன். 64 ஜீபீ கார்ட் போட்டால், கார்டே இல்லை என்கிறது. பழைய சிறிய கார்டில் போட்டால் பாதிப் படங்கள் வருவதில்லை. திருத்தக் கொடுக்கவா, புதிதாக வைஃபை பிரேம் வாங்கவா? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: திருத்தக் கொடுத்துக் காசைச் செலவழிக்க வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பிரேம் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் கார்டும் படமும்தான் அதன் காலத்துக்குப் பிந்தியவை.

64 ஜீபீ கார்ட் எஸ்.டி.எக்ஸ்.சி. என்ற பெரிய கொள்ளளவுக் கார்ட் வகை. அது 2009இல்தான் அறிமுகமானது. அந்தக் காலப் பிரேம்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது. 2 ஜீபீ கார்ட் ஒன்று தேடிப் பிடியுங்கள். வீட்டில் ஒதுக்கிப் போட்ட பழைய கமராவுக்குள்ளேயே ஒன்று இருக்கக்கூடும். சுருக்கிய படம் ஒன்று 200 கிலோபைட் என்றாலும் அதில் பத்தாயிரம் படம் கொள்ளும்.

வராத படங்களுக்குக் காரணம் இரண்டு. 2017இலிருந்து ஐபோன்கள் படத்தை எச்.ஈ.ஐ.சி. என்ற வடிவில் சேமிக்கின்றன. உங்கள் பிரேமுக்குத் தெரிந்தது ஜேபெக் மட்டும்தான். ஜேபெக்கிலும் ‘புரோகிரசிவ்’ என்று ஒரு வகை உண்டு. வட்ஸ்அப்பிலும் இணையத்திலும் வரும் சில படங்கள் அப்படிப்பட்டவை. போனில் பளிச்சென்று தெரியும் அதே படத்துக்குப் பழைய பிரேம் வெறும் கறுப்புத் திரையைக் காட்டும். இரண்டுக்கும் ஒரே வழிதான். படங்களை வட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக் கணினியில் இறக்குங்கள். விண்டோஸில் இருக்கும் பெயின்ட் செயலியில் திறந்து, பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் நேராகத் திருப்பி, அகலத்தை 800 புள்ளிக்குக் குறைத்து, மறுபடியும் ஜேபெக்காகச் சேமியுங்கள். இனி எடுக்கும் படங்களுக்கு, ஐபோன் செட்டிங்ஸில் கமரா, ஃபோர்மட்ஸ் என்று போய் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்பதைத் தெரிவுசெய்துவிடுங்கள்.

வெள்ளவத்தை என்பதால் இன்னொன்று. கடற்காற்றில் கார்ட் துவாரத்தின் பித்தளை நிறப் பற்கள் மங்கி, சில வேளை பச்சை பிடித்திருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட மெல்லிய பிரஷால் துடையுங்கள். அடாப்டர் என்றாவது போய்விட்டால், அதன் அடியில் எழுதியிருக்கும் வோல்ட் அளவையும், முனையின் நடு பிளஸா மைனஸா என்பதையும் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 5 வோல்ட் பிரேமுக்கு 12 வோல்ட் கொடுத்தால் அதன் கதை அன்றோடு முடிந்தது.

இனி, புதிது வாங்குவதா என்ற கேள்வி. முதலில் இந்தப் பிரேம் ஏன் அலுமாரிக்குப் போனது என்று யோசியுங்கள். 2006க்கும் 2009க்கும் இடையில் வெளிநாட்டிலிருந்து வருபவர்களின் பெட்டியில் சொக்லேட்டுக்கு அடுத்தபடியாக இதுவும் இருந்தது. மலிவான ஏழு அங்குலப் பிரேம்கள் பலவற்றின் திரை 480க்கு 234 புள்ளிதான். மாமியின் பட்டுச்சேலைக் கரை பாசிபோலத் தெரியும். 2010இல் ஐபேட் வந்தது. 2012இல் கொடக் நிறுவனம் கமராக்களோடு சேர்த்து இந்தப் பிரேம்களையும் கைவிட்டது. ஆனால் திரை மங்கல் என்பதற்காக யாரும் பிரேமைக் கழற்றி வைத்ததாக நான் நினைக்கவில்லை. கார்டைக் கழற்றி, கணினியில் போட்டு, புதுப் படம் ஏற்ற ஒருவருக்கும் பொறுமை இல்லை. அதே முப்பது படம் மூன்று வருடம் சுற்றினால் யார் பார்ப்பார்கள்?

வைஃபை பிரேம் இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது, உண்மை. அண்ணா டொரொண்டோவிலிருந்தே அனுப்பலாம். ஆனால் பெரும்பாலானவை தயாரித்த நிறுவனத்தின் செயலியையும் சேர்வரையும் நம்பியே ஓடுகின்றன. நிறுவனம் மூடினால் புதுப் படம் வராது. பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே பிடிக்கும். உங்கள் ரூட்டரில் அது திறந்திருக்க வேண்டும். பிரேமுக்குப் பதிலாகப் பழைய டெப்லட்டை இரவும் பகலும் மின்சாரத்தில் செருகிவைப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன், பற்றரி வீங்கும்.

அம்மாவின் அறையில் கூகுள் டிவி வகைத் தொலைக்காட்சி இருந்தால் எதுவும் வாங்க வேண்டாம். கூகுள் போட்டோஸில் ஒரு பகிர்வு அல்பம் தொடங்கி அண்ணாவையும் அதில் சேருங்கள். பிறகு தொலைக்காட்சியின் ஸ்கிரீன் சேவருக்கு அந்த அல்பத்தைக் கொடுங்கள். அப்படி இல்லாவிட்டால், மாதம் ஒருமுறை கார்டை மாற்ற வீட்டில் ஒரு பிள்ளை ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் பழைய பிரேமே போதும். இல்லையென்றால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் போய் வைஃபை பிரேம் பாருங்கள். கார்ட் துவாரமோ யூ.எஸ்.பி. துவாரமோ இல்லாததை மட்டும் எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.