இரண்டு நகர்த்தலும் வென்றால் புதிர் பழுதா?

கேள்வி: தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் நிற்கும்போது ஒரு செஸ் புதிர் அமைத்தேன். வெள்ளை ராஜா பி6, சிப்பாய் பி5; கறுப்பு ராஜா பி8. வெள்ளை ஆடி வெல்ல வேண்டும். என் விடை, ராஜா ஏ6. செல்போனில் சரிபார்த்த மச்சானோ, ‘ராஜா சி6 ஆடினாலும் வெற்றிதான், உன் புதிர் பழுது’ என்கிறார். பத்திரிகைக்கு அனுப்பலாமா?
— ஒரு வாசகர், மண்டபம்

பதில்: செல்போன் சொன்னது சரி. மச்சான் அதற்குச் சொன்ன அர்த்தம்தான் தவறு.

இறுதியாட்டப் புதிரில் வெள்ளைக்கு ஒரே வழிதான் இருக்க வேண்டும். இரண்டாவது வழி கிடைத்தால் புதிர் செத்தது. ஆகவே சி6-ஐ ஆடியே பார்த்துவிடுவோம். கறுப்பு ராஜா ஏ7-க்கு வரும். அவசரப்பட்டுச் சிப்பாயை பி6-க்குத் தள்ளினால் கறுப்பு ராஜா ஏ8 மூலையில் போய் ஒடுங்கிக்கொள்ளும். பிறகு ஸ்டேல்மேட் (செக் இல்லை, ஆனால் ஆட இடமும் இல்லை) ஆகும், இல்லையேல் சிப்பாய் பறிபோகும். எப்படியும் சமன். எனவே வெள்ளை ராஜா சி7, கறுப்பு ஏ8; வெள்ளை ராஜா பி6, கறுப்பு பி8. பலகையைப் பாருங்கள்: நீங்கள் அமைத்த அதே நிலை, ஆட வேண்டியதும் வெள்ளையே! இனி வெல்ல ஏ6 ஆடித்தான் ஆக வேண்டும். மண்டபத்திலிருந்து பாம்பனுக்குக் கிளம்பியவர் உச்சிப்புளி வரை போய்த் திரும்பி வந்து பாலம் ஏறினால், அதை இன்னொரு பாதை என்று யாராவது சொல்வார்களா?

ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்கள் வரையிலான நிலைகளின் முடிவுகளைக் கணினிகள் 2018-லேயே கணக்கிட்டு முடித்துவிட்டன. வெற்றியா, சமனா, தோல்வியா என்பதில் அந்தப் பட்டியல் பிசகாது. சுற்றுவழியா புதுவழியா என்பதை நாம்தான் ஆடிப் பார்க்க வேண்டும்.

இதே அமைப்பை ஈ வரிசைக்கு நகர்த்தியிருந்தால் மச்சான் ஜெயித்திருப்பார். அங்கே டி6, எஃப்6 இரண்டுமே தனித்தனி வெற்றிகள். பலகையின் ஓரம் நெருக்குவதால்தான் பி வரிசையில் ஒரு பக்கம் அடைபடுகிறது.

ஒரு சின்னக் குறை உண்டு. ராஜா ஏ6 ஆடியதும் கறுப்பு சி7-க்குப் போனால், ராஜா ஏ7, சிப்பாய் பி6 இரண்டுமே வெல்லும். அது கிளைவழி, நான் பெரிதுபடுத்த மாட்டேன்.

பத்திரிகைக்கு? வேண்டாம். பழுதில்லை, ஆனால் புதிதும் இல்லை. ராஜா–சிப்பாய் இறுதியாட்டத்தின் ஆரம்பப் பாடம் இது. ஹரால்ட் வான் டெர் ஹைடன் என்ற டச்சுக்காரர் 90,000-க்கும் மேற்பட்ட இறுதியாட்டப் புதிர்களைத் தொகுத்து வைத்திருக்கிறார். இதற்கு முன் வந்ததா என்று தேட அதுபோன்ற தொகுப்பு இருக்கும்போது பழையதைப் புதிதென்று அனுப்புவது வீண்.

இந்த நிலையை முடிவாக வைத்துப் பின்னோக்கிக் கட்டுங்கள். ஓரிரு காய்களைச் சேர்த்து, வெள்ளை எதையாவது பலிகொடுத்தால்தான் இங்கே வர முடியும் என்று ஆக்குங்கள். பிறகு கறுப்பின் பக்கம் உட்கார்ந்து தப்பிக்க வழி தேடுங்கள். புதிர் அமைப்பவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது அங்கேதான். ஏழு காய்களுக்குள் நிறுத்தினால் முடிவை ஐயமின்றிச் சரிபார்க்கலாம். எட்டாவது காய் வந்துவிட்டால் கணினி சொல்வது பெரும்பாலும் கணிப்புதான்.