ஃபெர்ரெட் வளர்ப்பு, முயல் வேட்டை: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்துல நார்ஃபோக் பக்கம் கிராமத்துல இருக்கேன். 11 வருஷமா ஃபெர்ரெட் வளர்க்குறேன், அக்டோபர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் பக்கத்துப் பண்ணைகள்ல முயல் பிடிக்கப் போவேன். நிறைய பேர் தனித்தனியா கேட்டுட்டே இருந்ததால இன்னைக்கு சாயங்காலம் ஒரே இடத்துல பதில் சொல்லிடலாம்னு உக்காந்திருக்கேன்.

கேள்வி (திருச்சி): அக்கா, ஃபெர்ரெட்னா கீரிப்பிள்ளை தானே?

இல்லப்பா. பாக்க நீளமா, குட்டைக் காலோட அப்படித்தான் தெரியும், ஆனா கீரி வேற குடும்பம், சொல்லப்போனா பூனை இனத்துக்குக் கிட்ட. ஃபெர்ரெட் நம்ம நீர்நாய்க்கு சொந்தம். ஐரோப்பாக் காட்டுல இருக்குற போல்கேட்ங்குற மிருகத்தை மனுஷன் பழக்கி வீட்டு மிருகமாக்குனதுதான் இது. ஆணை ஹாப்னு சொல்வாங்க, பெண்ணை ஜில், குட்டியை கிட். வெள்ளை உடம்பு சிவப்புக் கண்ணு ஒரு வகை, முகத்துல முகமூடி போட்ட மாதிரி கருப்பா இருக்குறது இன்னொரு வகை, வேலை ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

கேள்வி (மதுரை): எங்க ஊர்ப் பக்கம் காட்டு முயல் நிறைய. ஒரு ஃபெர்ரெட் வாங்கிட்டு வந்து பழக்கலாமா?

வேண்டாம். முதல் காரணம் சட்டம், 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல அந்த முயலைப் பிடிக்குறது குற்றம். ரெண்டாவது, அது வேற முயல். இங்க இருக்குறது மண்ணுக்குள்ள வளை தோண்டி கூட்டமா வாழுது, ஃபெர்ரெட் வளைக்குள்ள போய் அதை வெளிய விரட்டுது. நம்ம ஊரு முயல் வளையே தோண்டாது, புதர் ஓரத்துல தரையிலயே படுத்திருக்கும், ஆள் கிட்ட வந்தா எழுந்து ஓடிடும். வளையே இல்லாத இடத்துல ஃபெர்ரெட்டுக்கு என்ன வேலை? அதோட 30 டிகிரி தாண்டினாலே அதுக்கு உயிருக்கு ஆபத்து, அது வியர்வை விட்டு உடம்பைக் குளிர வைக்குற மிருகம் இல்ல. மதுரை வெயில்ல பாவம் அது.

கேள்வி (லெஸ்டர்): கடிக்குமா?

குட்டியில கடிக்கும், விளையாட்டுக்கு. தினமும் கையில எடுத்துப் பழக்குனா 3, 4 மாசத்துல நின்னுடும். கடிக்கும்போது கையை வெடுக்குன்னு இழுக்காதீங்க, இழுத்தா இரை ஓடுதுன்னு நினைச்சு இன்னும் இறுக்கும். கழுத்துக்குப் பின்னாடி மெதுவா பிடிச்சு, சத்தம் போடாம விலக்குங்க. மேல இருந்து திடீர்னு கையை இறக்காதீங்க, பக்கவாட்டுல கொண்டு போங்க.

கேள்வி (ரெடிங்): ஒரு பெண் ஃபெர்ரெட் மட்டும் வாங்குறதா இருக்கேன், குட்டி போட விட மாட்டேன். தனியா பாத்துக்க வேண்டியது ஏதாவது இருக்கா?

இந்தக் கேள்வியைக் கேட்டதுக்கே உங்களுக்கு நன்றி, ஏன்னா இது தெரியாமத்தான் நிறைய ஜில் சாகுது. வசந்த காலத்துல பகல் நீள ஆரம்பிச்சதும் ஜில் ஹீட்டுக்கு, அதாவது இணை சேருற பருவத்துக்கு வரும், பின்பக்கம் நல்லா வீங்கித் தெரியும். நாய் மாதிரி ரெண்டு மூணு வாரத்துல தானா அடங்கிடும்னு நினைக்காதீங்க. ஹாப்போட சேர்ந்தாத்தான் கருமுட்டை வெளியாகும், சேரலைன்னா கோடை முழுக்க ஹீட்லயே நிக்கும். அப்ப ரத்தத்துல ஈஸ்ட்ரோஜன் ஏறிக்கிட்டே போய் எலும்பு மஜ்ஜையை அடிச்சுடும், ரத்தம் ஊறுறது நின்னுடும், ஈறு வெளுக்கும், சாப்பிடாது, அப்புறம் காப்பாத்துறது கஷ்டம். என் முதல் ஜில் இப்படித்தான் செத்துச்சு. வீக்கத்தைப் பாத்தேன், போயிடும்னு இருந்துட்டேன். அந்த ஒரு மாசத் தாமதம் என் தப்பு, இன்னைக்கும் மனசு அடிச்சுக்குது. வழி மூணு நாலு இருக்கு: வெட் (மிருக டாக்டர்) கிட்ட ஹார்மோன் ஊசி, இல்லன்னா தோலுக்கடியில வைக்குற இம்ப்ளாண்ட், இல்லன்னா வாசெக்டமி பண்ணுன ஹாப்போட விடுறது (பொய்ச் சினை 42 நாள் ஓடும், அப்புறம் மறுபடி ஹீட்டுக்கு வரலாம், கவனிக்கணும்). கருப்பையோட சினைப்பையையும் எடுத்துடுறதும் உண்டு, ஆனா அப்படிப் பண்ணுனதுல பின்னாடி அட்ரீனல் சுரப்பியில நோய் வர்றதைப் பாக்குறாங்க, அதனால நான் இம்ப்ளாண்ட் பக்கம். எதுவா இருந்தாலும் மார்ச் மாசத்துக்கு முன்னாடி வெட்டைப் பாருங்க. அப்புறம் ஒண்ணு மட்டும் வாங்காதீங்க, ரெண்டா வாங்குங்க, ஒண்ணை ஒண்ணு கட்டிப்பிடிச்சுத் தூங்கும்.

கேள்வி (ஹாரோ): சாப்பாடு? என் ஃப்ரெண்டோட தாத்தா பால்ல ரொட்டி ஊறவெச்சுக் கொடுப்பாராம்.

அந்தக் காலத்துல அப்படித்தான் கொடுத்தாங்க, அதுலயே வயிறு கெட்டு நிறைய செத்துச்சு. இது முழுக்க முழுக்க கறி தின்னுற மிருகம், குடல் ரொம்பக் குட்டை, தின்னது 3, 4 மணி நேரத்துல வெளிய வந்துடும். முழு முயல் தோலோட எலும்போட கொடுங்க, ஒரு நாள் வயசு கோழிக்குஞ்சு உறைய வெச்சு விக்குறாங்க, அது கொடுங்க, இல்லன்னா ஃபெர்ரெட்டுக்குன்னே இருக்குற உலர் தீவனம். மிச்சத்தைப் படுக்கைக்குள்ள ஒளிச்சு வைக்கும், தினம் தேடி எடுத்துப் போட்டுடுங்க.

கேள்வி (ஸ்லௌ): வாடகை வீட்டுல வளர்க்கலாமா?

வீட்டு ஓனர் கிட்ட கேளுங்க.

கேள்வி (கேம்பிரிட்ஜ்): எனக்கு ஃப்ளூ வந்தா ஃபெர்ரெட்டுக்கும் ஒட்டும்னு ஒருத்தர் சொன்னாரு, நிஜமா?

நிஜம், அதுவும் இதுல ஒரு பெரிய கதையே இருக்கு. 1933ல லண்டன்ல, மனுஷனுக்கு வர்ற இன்ஃப்ளூயன்சாவுக்குக் காரணம் என்னன்னு தேடிட்டு இருந்த விஞ்ஞானிகள் பல மிருகத்துல முயற்சி பண்ணாங்க, எதுலயும் ஒட்டல, ஃபெர்ரெட்டுக்கு ஒட்டுச்சு. அப்புறம் அந்த நோயாளி ஃபெர்ரெட் ஒண்ணு அங்க இருந்த விஞ்ஞானி ஒருத்தர் முகத்துல தும்மி அவருக்கே காய்ச்சல் வந்துச்சு, அப்படித்தான் கிருமி ரெண்டு பக்கமும் தாவும்னு தெரிஞ்சுது. இன்னைக்கும் ஃப்ளூ ஆராய்ச்சிக்கு ஃபெர்ரெட்தான். அதனால உங்களுக்கு ஜுரம்னா வேற யாரையாவது தீனி போடச் சொல்லுங்க. அதை விடக் கொடுமை டிஸ்டெம்பர், நாய்கிட்ட இருந்து வரும், வந்தா கிட்டத்தட்ட பிழைக்காது, தடுப்பூசி பத்தி வெட்கிட்ட கேளுங்க.

கேள்வி (நார்தாம்ப்டன்): கடிக்குமா அக்கா? வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்காங்க.

மேல லெஸ்டர் தம்பிக்கு சொல்லியிருக்கேன். சின்னப் பிள்ளைங்க இருந்தா நீங்க பக்கத்துல இல்லாம கையில கொடுக்காதீங்க.

கேள்வி (இப்ஸ்விச்): முதல் தடவை வேட்டைக்குப் போறேன். என்னென்ன வேணும், எப்படிப் பண்ணணும், கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

முதல்ல அனுமதி. நிலத்துக்காரர் கிட்ட எழுத்துல வாங்கி சட்டைப் பையில வைங்க, அது இல்லாம ஒரு வளையைத் தொட்டாலும் அது திருட்டு வேட்டை. 1880ல வந்த சட்டத்துல இருந்தே நிலத்தை உழுறவங்களுக்கு முயல் பிடிக்குற உரிமை இருக்கு, 1954 சட்டத்துல அதைக் கட்டுப்படுத்துற கடமையும் அவங்க தலையில வந்துச்சு, அதனால குளிர்கால கோதுமை ஓரத்தை முயல் மேய்ஞ்சிருந்தா பெரும்பாலும் சரின்னுதான் சொல்வாங்க. பேட்ஜர்னு மண்ணுக்குள்ள வளை தோண்டி வாழுற இன்னொரு மிருகம் இருக்கு, அதோட வளையை அடையாளம் பாத்துப் பழகிக்கோங்க, வாய் பெருசா இருக்கும், வெளிய மண்ணு மேடா குவிஞ்சிருக்கும், பழைய படுக்கைப் புல்லு கிடக்கும். அதுல கை வெச்சா 1992 சட்டப்படி கேஸ்.

பர்ஸ் நெட் ஒரு 25 எடுத்துக்கோங்க. மூணு மூணரை அடி நீளம் இருக்கும், ரெண்டு பக்கமும் வளையம், சுத்தி ஒரு கயிறு, கயிறு நுனியில மர முளை. வளை வாயை மூடி விரிச்சு, கீழ் வளையத்தை உள்பக்கமாத் தள்ளி, முளையை மேல நல்லா அடிச்சு இறக்கணும். முயல் பாய்ஞ்சு வந்து மோதுனதும் சுருக்குப் பை மாதிரி தானா மூடிக்கும். புதருக்குள்ள ஒளிஞ்சிருக்குற ஓட்டையைத் தேடித் தேடி மூடுங்க, நீங்க விட்ட ஒரே ஓட்டையிலதான் முயல் வெளிய வரும்.

இதெல்லாம் பேசாம பண்ணணும். காலைத் தட்டி நடந்தா மண்ணு வழியா அதுக்குத் தெரிஞ்சுடும், அப்புறம் ஃபெர்ரெட்டே வந்தாலும் வெளிய வராது, உள்ளயே முட்டுச்சந்துல பின்பக்கத்தைக் காட்டிக்கிட்டு உக்காந்துக்கும். ஒண்ணு நெட்ல விழுந்ததும் ஓடிப்போய் எடுங்க, அந்த ஓட்டையில உடனே வேற நெட் போடுங்க, பின்னாலயே இன்னொண்ணு வரலாம். கழுத்தை இழுத்து ஒரே நொடியில கொல்லத் தெரியணும். அதை எழுத்துல படிச்சுக் கத்துக்க முடியாது, தெரிஞ்சவர் கூட நாலு தடவை போய் கையில பாத்துக் கத்துக்கிட்டு அப்புறம் தனியா போங்க. எனக்கு சொல்லிக் கொடுத்த பெரியவர் முதல் சீசன் முழுக்க என்னை நெட் மட்டும்தான் விரிக்க விட்டாரு.

லொக்கேட்டர் இல்லாம போகவே போகாதீங்க. ஃபெர்ரெட் கழுத்துல காலர், உங்க கையில கருவி, உள்ள எங்க நிக்குது எவ்வளவு ஆழம்னு காட்டும். சில நேரம் உள்ளயே முயலைக் கொன்னு தின்னுட்டு அங்கயே தூங்கிடும், அப்ப தோண்டித்தான் எடுக்கணும். ஒவ்வொரு தடவையும் புது பேட்டரி, உள்ள விடுறதுக்கு முன்னாடி கையில வெச்சு ஒரு சோதனை.

கேள்வி (பர்மிங்ஹாம்): முந்தின நாள்ல இருந்தே பட்டினி போட்டாத்தான் நல்லா வேட்டையாடும்னு இங்க எல்லாரும் சொல்றாங்க, நீங்க அதைச் சொல்லவே இல்லையே?

சொல்லாததுக்குக் காரணம் அது தப்பு. பசியில இருக்குறது முயலைப் பிடிச்சா என்ன பண்ணும்? தின்னும். அப்புறம் மேல சொன்ன மாதிரி தூங்கும், நீங்க அஞ்சு அடி தோண்டணும். அது விரட்டுறது பசியால இல்ல, வளையைப் பாத்தாலே அதுக்கு உள்ள போகணும்.

(பர்மிங்ஹாம், மறுபடி): நான் 6 வருஷமா பட்டினி போட்டுத்தான் கொண்டு போறேன், ஒரு தடவை கூட பிரச்சினை இல்ல. வயிறு நிறைஞ்சிருந்தா அரை மணி நேரத்துல சோம்பல் வந்து உள்ளயே படுத்துடுது, இதை என் கண்ணால பாத்திருக்கேன்.

(குரோய்டன்): பர்மிங்ஹாம் அண்ணன் சொல்றதுல பாதி சரி அக்கா. என்கிட்ட இருக்குற ஹாப் காலையில தின்னுட்டு வந்தா வேலைக்கே ஆகாது.

சரி, ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. வயிறு முட்ட தின்ன ஃபெர்ரெட் வேலை செய்யாது, ஒத்துக்குறேன். ஆனா அதுக்குப் பதில் 24 மணி நேரப் பட்டினி இல்ல. 3, 4 மணி நேரத்துல வயிறு காலியாகுற மிருகத்தை ஒரு நாள் பட்டினி போட்டா ரத்தத்துல சர்க்கரை இறங்கி, குளிர்ல, மண்ணுக்கடியில நடுங்கும். நான் செய்யுறது இது: முந்தின ராத்திரி வழக்கம் போல தீனி, காலையில கிளம்புறதுக்கு முன்னாடி கொஞ்சம், கால் வயிறு. மதியம் வேலையில இருந்து எடுத்ததும் ஒரு துண்டு ஈரல். சோம்பலா இருந்தா பாக்ஸுல வெச்சுட்டு அடுத்ததை விடுங்க, இதுக்குத்தான் ரெண்டு மூணு வெச்சுக்கச் சொல்றேன்.

(பர்மிங்ஹாம்): அப்ப வாய்க்கட்டு போட்டுட்டா? தின்ன முடியாதுல்ல?

தயவு செஞ்சு வேண்டாம். உள்ள எலி எதிர்த்து வந்தா அதுக்கு இருக்குறது பல்லு மட்டும்தான். வாய் கட்டுன நிலையில தொலைஞ்சு போச்சுன்னா தண்ணி கூட குடிக்க முடியாம சாகும். 2000 வருஷத்துக்கு முன்னாடி ஸ்பெயின் பக்கம் முயல் பெருகுனப்ப வாயைக் கட்டி உள்ள விட்டாங்கன்னு கிரேக்கர் ஸ்ட்ராபோ எழுதியிருக்காரு, அவங்ககிட்ட லொக்கேட்டர் இல்ல, நம்மகிட்ட இருக்கு. அண்ணா, உங்க ஃபெர்ரெட் மேல உங்களுக்குப் பாசம் இல்லாம இல்ல, 6 வருஷம் வெச்சிருக்கீங்க. இந்த சீசன்ல நாலு தடவை என் முறையில பண்ணிப் பாருங்க, நான் கேக்குறது அவ்வளவுதான்.

கேள்வி (சென்னை): முயல் பாவம் இல்லையா? எப்படி மனசு வருது?

நியாயமான கேள்விதான். கொல்லுறது எனக்கு இன்னும் லேசான விஷயம் இல்ல. ஆனா பயிர் அழியுற இடத்துல நான் போகலைன்னா வளைக்குள்ள விஷ வாயு விடுவாங்க, அதுல செத்தது மண்ணுக்குள்ளயே கிடக்கும், யாருக்கும் ஆகாது. நெட்ல விழுந்தது ஒரு நொடியில முடிஞ்சுடும், காயத்தோட எதுவும் தப்பி ஓடி அவஸ்தைப்படாது, கறி வீட்டுக்கு வருது. 1953ல கென்ட்ல மிக்ஸமடோசிஸ் வந்து இந்த நாட்டு முயல்ல பெரும்பகுதி கண்ணு வீங்கி செத்துச்சு, இப்பவும் அந்த நோயும் ரத்தக்கசிவு நோயும் சுத்திட்டே இருக்கு, அதனால குறைஞ்சு போன இடத்துல நான் நெட் விரிக்குறது இல்ல. மார்ச்ல குட்டி போட ஆரம்பிச்சதும் நிறுத்திடுவேன்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம்): கறி எப்படி? பிரியாணி வருமா?

அருமையா வரும். கொன்ன உடனே வயித்தை அழுத்தி மூத்திரத்தை வெளியேத்துங்க, இல்லன்னா கறி நாறும். ஈரல்ல வெள்ளைப் புள்ளி இருந்தா தூக்கிப் போட்டுடுங்க. கொழுப்பே கிடையாது, கிழடுன்னா குக்கர்ல 5, 6 விசில். ஹலால் பத்திக் கேட்ட இன்னொருத்தருக்கு: அது எனக்குத் தெரியாத விஷயம், உங்க இமாம் கிட்ட கேளுங்க.

கேள்வி (டெர்பி): நாத்தம் அடிக்குமா? கடிக்குமா?

ஹாப் வசந்தத்துல நல்லா அடிக்கும், ஆண்மை நீக்கிட்டா குறையும். கடிக்குறது பத்தி மேல படிங்க, இது மூணாவது தடவை. நீங்க கேக்காததையும் சொல்றேன்: ஜில் வாங்குறதா இருந்தா ரெடிங் தம்பிக்கு எழுதுனதைப் படிக்காம வாங்காதீங்க.

கேள்வி (லிங்கன் பக்கம்): அக்கா அவசரம். மதியம் ஒண்ணரைக்கு உள்ள விட்டது, இன்னும் வரல. லொக்கேட்டர் கொஞ்ச நேரம் காட்டுச்சு, இப்ப சத்தமே இல்ல. இருட்டிடுச்சு. என்ன பண்றது?

பதறாதீங்க. நெட் எல்லாத்தையும் எடுத்துடுங்க, வெளிய வந்தா சிக்கக் கூடாது. கடைசியா எங்க காட்டுச்சோ அங்க ஒரு குச்சி நட்டு, சுத்தி பத்தடி கருவியைத் தரையோட வெச்சு மெதுவா தேடுங்க, கருவி பேட்டரியையும் மாத்திப் பாருங்க. காட்டுனா, நேர் மேல தோண்டாதீங்க, பக்கத்துல தோண்டி கடைசி அரை அடியைக் கையால எடுங்க, மணல் சரிஞ்சா மூச்சு முட்டிடும். காட்டலைன்னா பிடிச்ச முயல் ஒண்ணோட வயித்தைக் கீறி குடலை வளை வாயில வைங்க, வாசத்துக்கு வரும். ஒரு மணி நேரம் பாருங்க. அப்பவும் வரலைன்னா ஒரே ஒரு வாயை விட்டுட்டு மத்ததை மண்ணும் புல்லும் வெச்சு அடைச்சுடுங்க. அந்த ஒரு வாயில அதோட பாக்ஸைத் திறந்து, வீட்டுப் படுக்கை வைக்கோலோட, காத்துக்கு முதுகு காட்டி வைங்க. நிலத்துக்காரருக்கு போன் பண்ணி சொல்லிடுங்க, அவங்க நாயை வெளிய விட வேண்டாம்னு. விடியுறதுக்கு முன்னாடி போயிடுங்க, பெரும்பாலும் பாக்ஸுக்குள்ளதான் சுருண்டு படுத்திருக்கும்.

மத்தவங்க கேள்விக்கெல்லாம் நாளைக்கு எழுதுறேன். லிங்கன் தம்பி, இப்ப கருவி என்ன காட்டுதுன்னு சொல்லுங்க, நான் முழிச்சுத்தான் இருப்பேன்.